இரவில் டொக்டர் எங்கே போனார்?

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணியிருக்கும். அம்மம்மாவுக்கு இலேசான காய்ச்சல். "அடிவயித்துக்குள்ள நோகுது" என்று சொல்லிக்கொண்டு அறைக்கும் பாத்ரூமுக்கும் நடந்துகொண்டிருந்தார். அம்மா இரவு வேலைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் போனில் ஆங்கிலம் கதைப்பதென்றால் கூச்சம். உங்களில் பலருடைய வீட்டில் நடப்பதுபோல, போன் என் கைக்கு வந்தது.

எங்கள் ஜி.பி.யின் எண்ணுக்கு அடித்தேன். பதிவு செய்யப்பட்ட ஒரு குரல், இப்போது மூடியிருக்கிறது என்றது. அதற்குப் பிறகும் அந்தக் குரல் ஏதோ சொன்னது. வேறு ஓர் எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதுவரைக்கும் கேட்கவில்லை. "மூடியாச்சு அப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்பா கார்த் திறப்பை எடுத்தார்.

ஏ அண்ட் ஈ-யில் ஆறு மணித்தியாலம் காத்திருந்தோம். வாசலில் கேட்டவர்களிடம் நான் வயிற்று வலி என்று சொன்னேன். அம்மம்மா என்னிடம் சொன்னது அவ்வளவுதான். விடியப்புறம் ஓர் இளம் வைத்தியர் வந்து, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அம்மம்மா என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். பேரப்பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டு அத்தனை மணித்தியாலமும் அதை மறைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சிறுநீர்த் தொற்று. மாத்திரைக்குச் சீட்டு. "இதை ஒரு ஜி.பி.யே பார்த்திருக்கலாம்" என்று அந்த வைத்தியர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார்.

அந்த இரவு அம்மம்மா ஒரே கேள்வியை மூன்று நான்கு தடவை கேட்டார். "எங்கட டொக்டர் எங்க பிள்ளை?" ஊரில் அவருடைய காலத்தில், எந்த நேரம் என்றாலும் டொக்டர் வீட்டுக் கேற்றைப் போய்த் தட்டலாம். நான், "இங்க அப்படி இல்ல அம்மம்மா" என்றேன்.

பல வருடம் கழித்து இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான், நான் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அது எப்படி மாறியது, அந்த மாற்றத்தால்தான் ஏ அண்ட் ஈ நிரம்பி வழிகிறதா என்பதுதான் இந்தப் பதிவு.

கதவைத் தட்டிய காலம்

1911-இல் லொயிட் ஜோர்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்புறுதிச் சட்டம், குறைந்த சம்பளத் தொழிலாளருக்கு ஒரு குடும்ப வைத்தியரைக் கொடுத்தது. தொழிலாளிக்கு மட்டும்தான். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்றால், வைத்தியரைக் கூப்பிடுமுன் வீட்டில் காசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1948 ஜூலை 5-ஆம் திகதி என்.எச்.எஸ் தொடங்கியது. அன்று சுகாதார அமைச்சராக இருந்தவர் அனைரின் பெவன். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரு குடும்ப வைத்தியர், கட்டணம் இல்லாமல். இதில் நாங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. குடும்ப வைத்தியர்கள் அரசாங்கத்தின் சம்பள ஊழியர்களாக மாறவில்லை. ஒப்பந்தக்காரர்களாகவே இருந்தார்கள். அந்த ஒப்பந்தப்படி, தன்னிடம் பதிந்த நோயாளிகளுக்கு 24 மணித்தியாலமும் வைத்தியரே பொறுப்பு. நத்தாருக்கும் பொறுப்பு, ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கும் பொறுப்பு.

அன்றைய ஜி.பி. ஒருவரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். முன் அறையில் கிளினிக். மாடியில் குடும்பம். இரவில் போன் அடித்தால் பெரும்பாலும் எடுப்பவர் வைத்தியரின் மனைவி. எந்த நோயாளி எங்கே இருக்கிறார், எது அவசரம், எது விடியும்வரை பொறுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஒருவரும் சம்பளம் கொடுக்கவில்லை. இன்று தொலைபேசி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் கணினியை வைத்துக்கொண்டு செய்யும் வேலையை, அன்று ஆயிரக்கணக்கான பெண்கள் சமையலறையில் நின்றபடி செய்தார்கள்.

இந்தக் கதையில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். 1960கள், 70களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை போன்ற நாடுகளிலிருந்து நிறைய வைத்தியர்கள் பிரித்தானியாவுக்கு வந்தார்கள். தமிழ் வைத்தியர்களும் அதில் அடக்கம். பலர் வைத்தியசாலைகளில் நிபுணராக வர விரும்பினார்கள். அந்தப் பதவிகள் வெளிநாட்டவருக்கு, முக்கியமாக வெள்ளையர் அல்லாதவர்களுக்கு, இலகுவில் கிடைக்கவில்லை. அதனால் உள்ளூர் வைத்தியர்கள் போக விரும்பாத இடங்களுக்கு ஜி.பி.யாகப் போனார்கள். வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள், வடக்கின் தொழிற்சாலை நகரங்கள், லண்டனின் ஏழைப் பகுதிகள். 1980களில் என்.எச்.எஸ் ஜி.பி.க்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் தெற்காசியாவில் பிறந்தவர். அவர்களில் பலர் தனி ஆளாகக் கிளினிக் நடத்தினார்கள். தனி ஆள் என்றால், எல்லா இரவும் அவருடைய இரவு. ஒரு வெல்ஷ் சுரங்கத் தொழிலாளியின் மூச்சுத் திணறலுக்கு நடுச்சாமத்தில் காரை எடுத்துக்கொண்டு போனவர், எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்த ஒருவராகவும் இருந்திருக்கலாம்.

பதில் டொக்டர்கள்

இப்படி ஒரு மனிதரால் எத்தனை வருடம் வேலை செய்ய முடியும்? இரவு இரண்டு தடவை எழும்பிப் போய்விட்டு, காலை எட்டரைக்குத் திரும்பவும் கிளினிக். களைப்போடு எழுதும் மருந்துச் சீட்டில் பிழை வரும். இது வைத்தியருக்கு மட்டுமல்ல, நோயாளிக்கும் ஆபத்து.

1950களின் நடுவில் லண்டனில் ஒரு புது வியாபாரம் தொடங்கியது. ஜி.பி. ஒரு நிறுவனத்துக்குக் காசு கட்டினால், இரவில் அவருக்குப் பதிலாக வேறொரு வைத்தியரை அது அனுப்பும். பெரிய நகரங்களில் இது வேகமாகப் பரவியது. நோயாளிகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவர் பையோடு நிற்பார். அரசாங்கத்துக்கும் பிடிக்கவில்லை. 1990-இல் வந்த புது ஒப்பந்தத்தில், ஜி.பி.யோ அவருடைய கூட்டாளிகளோ நேரில் போனால் இரவுக் கட்டணம் கூட, பதில் வைத்தியரை அனுப்பினால் குறைவு என்று வைத்தார்கள்.

அதுவும் பெரிதாக உதவவில்லை. இரவு அழைப்புகள் கூடிக்கொண்டே போயின. 1995-இல் அரசாங்கமும் வைத்தியர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு பகுதியின் ஜி.பி.க்கள் சேர்ந்து கூட்டுறவாக இரவு வேலையைப் பங்கிடலாம், அதற்கு அரசு நிதி தரும். அதோடு, நோயாளியை வீட்டில் பார்ப்பதா, நிலையத்துக்கு வரச் சொல்வதா என்பதை வைத்தியரே முடிவு செய்யலாம். சில வருடங்களுக்குள் நாடு முழுவதும் இந்தக் கூட்டுறவுகள் முளைத்தன. இரவு வைத்தியர் இப்போது 'எங்கட டொக்டர்' இல்லை. ஆனாலும் எங்கள் பகுதியின் டொக்டர். உங்கள் ஜி.பி.யைத் தெரிந்த, உங்கள் வீதியைத் தெரிந்த ஒருவர்.

போனில் ஒரு தாதி

1998 மார்ச்சில் என்.எச்.எஸ் டிரெக்ட் என்ற தொலைபேசிச் சேவை மூன்று இடங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. எந்த நேரமும் அழைக்கலாம். ஒரு தாதி கேள்விகள் கேட்டு, வீட்டில் இருக்கலாமா, ஜி.பி.யிடம் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று சொல்வார். 2000 முடிவதற்குள் இங்கிலாந்து முழுவதும் வந்துவிட்டது. அதே வருடம் முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வோக்-இன் நிலையங்களும் திறக்கத் தொடங்கின.

இவற்றால் ஏ அண்ட் ஈ-யில் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்ததா? முதல் ஆண்டை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2000-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. என்.எச்.எஸ் டிரெக்ட் வந்த இடங்களில் ஏ அண்ட் ஈ-க்கு வருபவர்களின் எண்ணிக்கையிலோ அம்புலன்ஸ் அழைப்புகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று அது சொன்னது. ஜி.பி.க்களின் இரவுச் சேவைக்கு வரும் அழைப்புகள் கூடுவது மட்டும் கொஞ்சம் மட்டுப்பட்டது.

ஏன்? ஒரு காரணம் இலகுவானது. புதிதாக ஒரு வாசல் திறந்தால், பழைய வாசலில் நிற்பவர்கள் மட்டும் அங்கே வருவதில்லை. முன்பு வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு இருந்தவர்களும் வருவார்கள். அது தவறல்ல, அவர்களுக்கும் உதவி தேவைதான். ஆனால் பழைய வாசலில் வரிசை அப்படியே இருக்கும்.

2004: கையெழுத்து மாறிய வருடம்

2003-இல் ஜி.பி.க்கள் புது ஒப்பந்தம் ஒன்றுக்கு வாக்களித்தார்கள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஆதரவு. 2004 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வார நாட்களில் மாலை 6.30-லிருந்து காலை 8 மணிவரை, சனி ஞாயிறு, பொது விடுமுறை. இந்த நேரங்களின் பொறுப்பை ஜி.பி.க்கள் விட்டுவிடலாம். அதற்கு ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்கு 6000 பவுண் வருமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பத்தில் ஒன்பது கிளினிக்குகள் விட்டுக்கொடுத்தன. 1948-லிருந்து இருந்த 24 மணித்தியாலப் பொறுப்பு, அவர்களுக்கு அத்தோடு முடிந்தது.

அவர்களைத் திட்டுவது இலகு. அன்றைய பத்திரிகைகளும் பிறகு வந்த அமைச்சர்களும் நன்றாகவே திட்டினார்கள். ஆனால் அந்த நேரம் இளம் வைத்தியர்கள் ஜி.பி. வேலைக்கு வரவே தயங்கினார்கள். பெண் வைத்தியர்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சம்பளம் இல்லாமல் போன் எடுக்க ஆள் இருக்கும் என்று இனி ஒருவரும் எதிர்பார்க்க முடியாது. இரவும் பகலும் ஒரே ஆள் என்ற ஏற்பாடு, வேறொருவரின் இலவச உழைப்பில்தான் அவ்வளவு காலம் ஓடியது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2004-க்குப் பிறகு இரவில் ஜி.பி.யே இல்லை என்பது உண்மையல்ல. பொறுப்பு உள்ளூர் சுகாதார நிர்வாகத்துக்குப் போனது. அது கூட்டுறவுகளிடமோ தனியார் நிறுவனங்களிடமோ வேலையைக் கொடுத்தது. சில இடங்களில் நன்றாக நடந்தது. சில இடங்களில் மிக மோசமாக நடந்தது. 2008 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜ்ஷயரில், ஜெர்மனியிலிருந்து வந்து பிரித்தானியாவில் தன் முதல் ஷிப்டைச் செய்த வைத்தியர் ஒருவர், வலிக்காக அழைத்த 70 வயது நோயாளிக்குப் பத்து மடங்கு டயமோர்பின் ஏற்றினார். நோயாளி இறந்துபோனார். 2010-இல் விசாரணை செய்த மரண விசாரணை அதிகாரி, இது சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளித்தார். இரவில் யாரோ ஒருவர் இருந்தால் மட்டும் போதாது என்பதை நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டது அந்த வழக்கில்தான்.

40 இலட்சம் என்ற எண்

இப்போது 2013-க்கு வருவோம். ஏ அண்ட் ஈ-க்களில் நெரிசல். நான்கு மணித்தியாலத்துக்குள் நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற இலக்கு பல இடங்களில் தவறுகிறது. அன்றைய சுகாதாரச் செயலாளர் ஜெரமி ஹன்ட், 2004-லிருந்து ஏ அண்ட் ஈ-க்கு வருபவர்கள் வருடத்துக்கு 40 இலட்சம் கூடிவிட்டார்கள், ஜி.பி.க்கள் இரவு வேலையை விட்டதுதான் பிரச்சினையின் வேர் என்ற மாதிரிப் பேசினார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. டொக்டர் கதவைச் சாத்தினார், எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கள் அம்மம்மாவும் போனார்.

ஆனால் எண்களைத் திறந்து பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பல வருடங்களாக ஏ அண்ட் ஈ வருகை ஆண்டுக்கு 1 கோடியே 40 இலட்சத்தை ஒட்டியே இருந்தது. 2003-04-இல் அது ஒரேயடியாக 1 கோடியே 65 இலட்சமாகப் பாய்ந்தது. காரணம், அந்த வருடத்திலிருந்து எண்ணும் முறை மாறியது. சிறு காய நிலையங்களையும் வோக்-இன் நிலையங்களையும் அதே கணக்கில் சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த கூடுதலிலும் பெரும்பகுதி அந்தப் புது நிலையங்களுக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரிகளின் முழுநேர அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மிக மெதுவாகத்தான் ஏறியது. கிங்ஸ் ஃபண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜோன் அப்பிள்பி இதைப் பி.எம்.ஜே-யில் விளக்கி எழுதினார்.

ஆகவே 2004-இல் சுவரில் பெரிய ஓட்டை விழுந்து நோயாளிகள் கொட்டினார்கள் என்ற கதை, எண்களில் அப்படித் தெரியவில்லை. பாடசாலையில் வரைபு வரையும்போது ஒரு இடத்தில் கோடு திடீரென்று தாவினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன நடந்தது' அல்ல, 'எண்ணும் விதம் மாறியதா' என்பது. இதை நான் படித்தது கணக்கு வகுப்பில் இல்லை, இந்தச் சண்டையில்தான்.

கதவைத் திரும்பவும் திறந்து பார்த்தார்கள்

சரி, மூடியதால் எவ்வளவு பாதிப்பு என்று சொல்வது கடினம். திறந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம் அல்லவா? அதற்கும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. 2013 ஒக்டோபரில் பிரதமர் டேவிட் கமரன் 5 கோடி பவுண் நிதி ஒன்றை அறிவித்தார். காலை 8 முதல் இரவு 8 வரை, வாரத்தில் ஏழு நாளும் ஜி.பி.யைப் பார்க்க வசதி செய்யும் பகுதிகளுக்கு அந்தக் காசு.

மன்செஸ்டர் பெரும்பகுதியில் 56 கிளினிக்குகள் சேர்ந்து மாலையிலும் வார இறுதியிலும் கூடுதல் நேரம் ஒதுக்கின. அவற்றில் பதிந்திருந்தவர்கள் ஏறத்தாழ 3 இலட்சத்து 46 ஆயிரம் பேர். அதன் முடிவு 2016-இல் வெளியானது. சின்னப் பிரச்சினைகளுக்காகத் தாங்களாகவே ஏ அண்ட் ஈ-க்குப் போனவர்களின் எண்ணிக்கை, மற்றக் கிளினிக்குகளோடு ஒப்பிடும்போது 26.4 சதவீதம் குறைந்தது. ஏறத்தாழ மூன்று பேர் இந்தப் புது நேரத்தில் ஜி.பி.யைப் பார்த்தால், ஒருவர் ஏ அண்ட் ஈ-க்குப் போகாமல் விட்டார். அம்மம்மாவைப் போன்றவர்கள்தான் அந்த ஒருவர்.

ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏ அண்ட் ஈ வருகை 3.1 சதவீதம்தான் குறைந்தது. அது தற்செயலாகவும் நடந்திருக்கக்கூடிய அளவு. செலவுக் கணக்கும் பொருந்தவில்லை. கூடுதல் நேரத்துக்குக் கொடுத்த காசு ஏறத்தாழ 31 இலட்சம் பவுண். ஏ அண்ட் ஈ-யில் மிச்சமானது 8 இலட்சத்துக்கும் குறைவு.

மத்திய லண்டனில் ஏழு நாளும் திறந்த கிளினிக்குகளைப் பற்றிய இன்னோர் ஆய்வும் அதே வருடம் வந்தது. அங்கே விளைவு இன்னும் பெரிது. அந்தக் கிளினிக்குகளின் நோயாளிகள் ஏ அண்ட் ஈ-க்குப் போவது 9.9 சதவீதம் குறைந்தது. வார இறுதியில் மட்டும் பார்த்தால் 17.9 சதவீதம். எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. வார இறுதியில் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுவதும் குறைந்தது, அந்தக் குறைவு முழுவதும் வயதானவர்களிடையேதான். வயதானவர் ஒருவர் சனிக்கிழமை ஏ அண்ட் ஈ-க்குப் போனால், அவரைத் தெரியாத வைத்தியர், எதற்கும் இருக்கட்டும் என்று அனுமதிக்கக்கூடும். ஜி.பி.யிடம் அவருடைய பழைய கோப்பு இருக்கிறது.

அப்படியானால் நெரிசல் எதனால்?

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். நானும் குழம்பினேன். சின்னப் பிரச்சினையோடு வருபவர்கள் குறைந்தால், ஏ அண்ட் ஈ-யில் ஏன் இன்னும் கட்டில்கள் நடைபாதையில் நிற்கின்றன?

சிறுநீர்த் தொற்றோடு வந்த அம்மம்மா அங்கே எடுத்தது ஒரு கதிரை, பத்து நிமிட வைத்தியர் நேரம், ஒரு சீட்டு. ஏ அண்ட் ஈ-யை அடைப்பது அவர் இல்லை. இடுப்பு எலும்பு உடைந்தவரையும் நிமோனியாவோடு வந்தவரையும் பார்த்து முடிந்த பிறகு, மேலே வார்டில் கட்டில் இல்லை. அவர் ஏ அண்ட் ஈ-யிலேயே படுத்திருப்பார். மேலே கட்டில் ஏன் இல்லை? குணமான ஒரு முதியவரை வீட்டுக்கு அனுப்பினால் பார்க்க ஆள் இல்லை, பராமரிப்பு ஏற்பாடு ஆகவில்லை. இங்கிலாந்தில் 1987-88-இல் எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 2,99,000 ஆஸ்பத்திரிக் கட்டில்கள் இருந்தன. 2019-20-இல் ஏறத்தாழ 1,41,000. இதில் ஒரு பகுதி நல்ல மாற்றம். முன்பு வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டிய சத்திரசிகிச்சைகளுக்கு இன்று ஒரு நாள் போதும். மனநல வைத்தியசாலைகளில் ஆட்களை வருடக்கணக்கில் பூட்டி வைப்பதில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் கூட்டம் வரும்போது ஒதுக்க இடம் இல்லாமல் போனது. நான்கு மணித்தியால இலக்கை நாடு முழுவதுமாகக் கடைசியாக எட்டியது 2015 ஜூலையில்.

அதனால் ஜி.பி. இரவில் திறந்தால் ஏ அண்ட் ஈ பிரச்சினை தீரும் என்று யாராவது சொன்னால், பாதி உண்மை என்று சொல்லுங்கள். திறந்தால் சிலருக்கு அந்தக் கதிரையில் விடியவிடிய இருக்கும் அலைச்சல் குறையும். கட்டில் பிரச்சினை அதனால் தீராது.

இதே கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொன்ன நாடும் இருக்கிறது. நெதர்லாந்தில் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் குடும்ப வைத்தியர்கள் பெரிய கூட்டுறவுகளாகச் சேர்ந்தார்கள். மாலையிலும் இரவிலும் வார இறுதியிலும் அந்த நிலையங்கள் திறந்திருக்கும். பல நிலையங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலில் போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே வயது வந்தவர்கள் ஆஸ்பத்திரிச் செலவில் வருடத்துக்கு முதல் 385 யூரோவைத் தாங்களே கட்ட வேண்டும். குடும்ப வைத்தியருக்கு, இரவென்றாலும், அது இல்லை. காசு ஒரு பக்கம் தள்ளுகிறது, பக்கத்துக் கதவு மறுபக்கம் கூப்பிடுகிறது. அங்கே இரவு வேலை இன்னும் குடும்ப வைத்தியர்களின் கையிலேயே இருக்கிறது. ஒரு ஆளின் தோளில் இல்லை, பகுதியின் எல்லா வைத்தியர்களின் தோளிலும்.

போன் உங்கள் கைக்கு வரும்போது

என்.எச்.எஸ் டிரெக்டின் இடத்தில் இன்று 111 இருக்கிறது. 2010-இல் சில இடங்களில் தொடங்கி, 2013-இல் நாடு முழுவதும் வந்தது. அதன் முதல் இடங்களை ஆராய்ந்தபோதும் ஏ அண்ட் ஈ வருகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அம்புலன்ஸ் போன சம்பவங்கள் 2.9 சதவீதம் கூடின. கணினி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, சந்தேகம் என்றால் அது பாதுகாப்பான பக்கம்தான் சாயும். 2022 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தின் ஜி.பி. குழுக்கள் வார நாட்களில் இரவு 8 வரையும் சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 5 வரையும் நேரம் ஒதுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இது யாருக்காவது தெரியுமா என்று இன்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் தெரிந்திருக்கவில்லை.

இந்த எழுபது எண்பது வருடக் கதையில் நான் கண்டது இதுதான். இரவில் உதவி இல்லாமல் போகவில்லை. ஆனால் அது ஒரு கேற்றிலிருந்து ஓர் எண்ணுக்கும், எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்கும் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் பெயர் மாறியது. மொழி தெரிந்தவர்கள் எப்படியோ பின்தொடர்ந்தார்கள். மொழி தெரியாதவர்களுக்கு மாறாமல் இருந்த ஒரே வாசல், வெளிச்சம் போட்டுத் திறந்திருந்த ஏ அண்ட் ஈ. அங்கே போனதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

அதனால் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருங்கள். நெஞ்சு வலி, மூச்சு எடுக்க முடியாமை, முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், நிற்காத இரத்தப்போக்கு என்றால் யோசிக்காமல் 999. மற்றவற்றுக்கு 111. அவர்கள் தேவைப்பட்டால் இரவு ஜி.பி.யிடம் இணைப்பார்கள். நோர்வேயிலும் ஜெர்மனியிலும் இருப்பவர்களுக்கு 116117. ஒன்ராறியோவில் 811. அவுஸ்திரேலியாவில் 1800 022 222.

இன்னொன்று. 111-இல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இலவசம். எங்களுக்குத் தமிழ் வேண்டும் என்று சொன்னால் போதும். ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் நீங்கள் தமிழ் தெரியாத பிள்ளை என்று ஒருவரும் நினைக்கப் போவதில்லை. உங்கள் அம்மம்மாவுக்கு உங்களிடம் சொல்ல முடியாத ஒன்றை இன்னொருவரிடம் சொல்ல வழி செய்கிறீர்கள். அன்று ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் போனில் இருந்திருந்தால், எரிவு என்ற அந்த ஒரு சொல் இரவு பத்தரைக்கே வெளியே வந்திருக்கும்.

அம்மம்மா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன். மேலே பெரிதாக 999, அதன் கீழே 111, அதன் கீழே பக்கத்து மருந்துக்கடையின் எண். எல்லாம் தமிழில் விளக்கத்தோடு. முதல் நாள் அதைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "இதில எங்கட டொக்டர் எது?" என்று கேட்டார். நடுவில் இருப்பதைக் காட்டினேன்.

"அவருக்குப் பேர் இல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் வேற ஆள் அம்மம்மா."

"சரி, ஆரோ ஒரு ஆள் எடுக்குமெண்டால் காணும்" என்றார்.